பக்கத்துத் தெருவில் ஒரு நாற்காலி

போன வாரம் பெரியவள் அழுதாள். அவள் அழுவது கடையில் யாருக்கும் தெரியாது. அரவை மெஷின் இருக்கும் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மெஷினைப் போட்டுவிட்டு அழுவாள். வெளியே காபிக்கொட்டை அரைபடும் சத்தம் மட்டும் கேட்கும். அன்றைக்கு அரைத்த தூள் இன்னும் தீரவில்லை என்கிறான் தம்பி.

அழுகைக்குக் காரணம் நமக்குத் தெரிந்ததுதான். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கென்றே அக்காவும் தம்பியும் சேர்ந்து ஆரம்பித்த காபிக் கடை அது. கடை நிறைந்துதான் இருக்கிறது, கல்லாதான் நிறைய மாட்டேன் என்கிறது. ஒரு கப் வாங்கியவர் அரை நாள் எழுந்திருப்பதில்லை. மதியம் பசியோடு வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, இடமில்லை என்று திரும்பிப் போய்விடுகிறார்கள். கட்டடக்காரர் இந்தக் கூடத்தைச் செருப்புக் கடைக்காரர் ஒருவருக்குச் சுற்றிக் காட்டிவிட்டும் போனார்.

மிச்சமிருப்பது ஒரே ஒரு நம்பிக்கை. ஆபீஸை மூடிவிட்டு, எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று சொல்லிவிட்ட ஒரு கம்பெனி, வீட்டில் வசதியில்லாத பன்னிரண்டு பேருக்கு மாதக் கட்டணத்தில் மேஜை தேடுகிறது. அதன் நிர்வாகி அம்மா இன்று மதியம் நேரில் வருகிறார். அவர் பார்க்கும் இடங்கள் இரண்டே இரண்டு. ஒன்று நம் பெரியவளின் கடை. மற்றொன்று பக்கத்துத் தெருவில், பச்சைக் கதவு போட்ட கடை. பன்னிரண்டு மேஜையும் இங்கே வந்தால் கடை பிழைக்கும். அங்கே போய்விட்டால் மாதக் கடைசியில் பூட்டுத்தான்.

அதனால்தான் காலையில், கடை திறந்து முதல் கூட்டம் உட்கார்ந்ததும், "இதோ வந்துடறேன்" என்று பெரியவள் கிளம்பினாள். எங்கே என்று தம்பி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் உண்மை வந்திருக்காது. அவள் வேவு பார்க்கப் போனாள்.

பச்சைக் கதவுக்கு நேர் எதிரே பஸ் நிறுத்தம். பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல நின்றுகொண்டாள். வந்த பஸ் எதிலும் ஏறவில்லை. "ஏறுறீங்களா, இல்ல சும்மா வேடிக்கையா?" என்று ஒரு நடத்துநர் கேட்டுவிட்டே போனார்.

வேடிக்கைதான். வயிறெரியும் வேடிக்கை. கண்ணாடிக்கு அப்பால் எல்லா மேஜையிலும் ஆள். ஒவ்வொரு மேஜைக்கும் தலை குனிந்த சின்ன விளக்கு. போனில் பேசுகிறவர்களுக்கு அலமாரி மாதிரி இரண்டு தனிக் கூண்டுகள். அவளும் அப்படி ஒன்று செய்ய ஆசைப்பட்டு, தச்சர் சொன்ன தொகையைக் கேட்டு விட்டுவிட்டாள். கதவில் தொங்கிய பலகையைக் கண்ணைச் சுருக்கிப் படித்தாள். "உட்காரும் நேரத்துக்கு மட்டும் கட்டணம். காபி எங்கள் செலவு."

'காபியை ஓசியில கொடுக்கிறானாம்! காபி போடத் தெரிஞ்சவன் எவனாவது ஓசியில கொடுப்பானா?' என்று உள்ளுக்குள் பொரிந்தாள். ஆனால் நம் கடையில் காபிக்குக் காசு வாங்கிக்கொண்டு நேரத்தை ஓசியில் கொடுக்கிறோமே என்ற கணக்கும் கூடவே வந்து குத்தியது. அந்தக் குத்தலோடு மூலை மேஜையைப் பார்த்தவள், நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

மூலையில் உட்கார்ந்திருந்தது சின்னவள்.

சின்னவள் என்றால் தம்பியின் மனைவி. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு, வார்த்தை பிசகாமல் தட்டச்சு செய்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது அவள் வேலை. கடை ஆரம்பித்தபோது ஒவ்வொரு மேஜைக்கு அடியிலும் பிளக் வேண்டும், அரவை மெஷின் தனி அறையில் கதவுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்றெல்லாம் யோசனை சொன்னவளே அவள்தான். கொஞ்ச நாளாகக் கடைப்பக்கம் வருவதில்லை. வீட்டிலும் இல்லை. பக்கத்து வீட்டில் சுவரைத் துளைக்கிறார்கள், சத்தம் தாங்கவில்லை, தோழி வீட்டுக்குப் போய் வேலை பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தாள்.

தோழி வீட்டுக்கு இவ்வளவு பெரிய பச்சைக் கதவா?

செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலை மடக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டு, தன் வீட்டுக் கூடத்தில் இருப்பவளைப் போல உட்கார்ந்திருந்தாள். அந்தக் கடைப் பையன் வந்து தண்ணீர் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனான். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

'நம்ம கடையில ஒரு நாளாவது இப்படி உட்கார்ந்திருப்பாளா? முதுகு சாயாம, பல்லு பிடுங்க வந்தவ மாதிரில்ல உட்காருவா!'

வியாபாரம் போனால் போகிறது, அதற்குக் காரணம் சொல்லிக்கொள்ளலாம். வீட்டுப் பெண்ணே காசு கொடுத்து எதிரி கடையில் போய்க் காலை மடக்கி உட்கார்ந்தால் அதற்கு என்ன காரணம் சொல்வது? உள்ளே போய் நாலு வார்த்தை கேட்டுவிடலாமா என்று பெரியவள் ஓரடி எடுத்து வைத்தாள். எதற்கோ நின்று, திரும்பி, விடுவிடுவென்று நடந்தாள்.

* * *

"எங்க போயிட்டு வந்தேக்கா?"

"காத்து வாங்க."

"இந்த வெயில்லயா?"

பெரியவள் கவுண்டருக்குப் பின்னால் போனாள். தம்பி வழக்கம்போல ஒரு கப்பை அவள் பக்கம் நகர்த்தினான். அம்மா வேலைக்குப் போன காலத்தில் அவனுக்குத் தலைவாரி, சட்டை மாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அவளுக்கு உலகத்தில் சொந்தம் என்று இருப்பது இவன் ஒருவன்தான், அப்புறம் இந்தக் கடை.

"உன் பொண்டாட்டி எங்கே?"

பால் காய்ச்சும் கை ஒரு கணம் நின்றது. "தோழி வீட்டுலதான். பக்கத்து வீட்டுல இன்னும் துளைச்சுட்டு இருக்காங்களே."

"ஓஹோ. இன்னும் துளைக்கிறாங்களா!"

"ஏன் கேக்கறே?"

"சும்மாத்தான். மதியம் அந்தம்மா வர்றப்ப இவளும் இங்க உட்கார்ந்து வேலை பார்க்கணும்னு சொல்லியிருக்கேன். மறந்துடப் போறா. அந்தத் தோழியை விட்டுட்டு வர மனசு வருமோ என்னமோ!"

கண்டதை அவள் சொல்லவில்லை. தம்பி மனசு உடைந்துவிடுமே என்ற அக்கறை பாதி. இந்த அஸ்திரம் பிறகு உதவும் என்ற எண்ணம் மறுபாதி. எந்தப் பாதி பெரியது என்று பெரியவளே சொல்ல மாட்டாள். நாம் எதற்கு வாயைக் கொடுக்க வேண்டும்?

மனசு கொதிக்கும்போது அவளால் ஓர் இடத்தில் நிற்க முடியாது. கூடத்துக்குள் ஒரு சுற்று வந்தாள். ஜன்னலோரத்தில் சுருட்டை முடிப் பெண், காதில் கருவி மாட்டிக்கொண்டு மேலதிகாரியோடு பேசிக்கொண்டிருந்தாள். பெரியவள் அவள் கப்புக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் நுரை மட்டும் காய்ந்து கிடந்தது.

"இன்னொண்ணு போடட்டுமாம்மா?"

பெண் ஒரு விரலை உயர்த்திக் காட்டினாள். பெரியவள் காத்திருந்தாள். பெண் ஒரு காதிலிருந்து கருவியைக் கழற்றி, "வேண்டாம்க்கா" என்றாள்.

"கேக் இருக்கு. காலையில செஞ்சது."

"வேண்டாம்க்கா... ஐயோ சார், உங்களைச் சொல்லல. கடைசியா என்ன கேட்டீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க சார்..."

அடுத்த மேஜை ஃபிளாஸ்க்காரர். தினமும் ஃபிளாஸ்க்கோடுதான் வருவார். வீட்டிலிருந்து காபி கொண்டு வந்து நம் மின்சாரத்தையும் நாற்காலியையும் தேய்க்கிறாரே என்று பெரியவளுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் கேட்பதை விடுவதில்லை.

"சார், உங்களுக்கு ஏதாவது..."

"இருக்கும்மா, இருக்கு" என்று அவர் ஃபிளாஸ்க்கைத் தொட்டுக் காட்டினார்.

இப்படி எல்லா மேஜையையும் சுற்றி, எல்லாக் கப்பையும் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் அவள் மூச்சு சீராயிற்று. வந்தவர்களை விசாரிக்கிற பண்பு அந்தப் பச்சைக் கதவுக்காரனிடம் இல்லை என்று நினைத்துக்கொண்டாள். தண்ணீரை வைத்துவிட்டு ஊமை மாதிரி போகிறான்! அந்த விஷயத்திலாவது தன் கடை ஒசத்தி என்று நினைக்கும்போது காலையிலிருந்து முதல் முறையாக அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

* * *

நிர்வாகி அம்மா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தார். நரைத்த தலை, தோளில் பெரிய பை. கை கொடுத்துவிட்டு, நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"எனக்கு விளக்கமெல்லாம் வேண்டாம். ஒரு மணி நேரம் இங்க உட்கார்ந்து என் வேலையைப் பார்க்கறேன். நீங்க என்னைக் கண்டுக்கவே வேண்டாம். அதுலயே எனக்குத் தெரிஞ்சுடும்."

"தாராளமா" என்றாள் பெரியவள்.

சொல்லிவிட்டாளே தவிர, கண்டுகொள்ளாமல் இருப்பது அவளுக்கு வருமா? முதலில் தண்ணீர் கொண்டுபோய் வைத்தாள். வெயில் லேப்டாப் திரையில் அடிக்கிறதே என்று போய் ஜன்னல் துணியை இழுத்துவிட்டாள். துணியை இழுத்ததில் இருட்டாகிவிட்டதோ என்று போய்க் கேட்டாள். தம்பி கவுண்டரிலிருந்து கண்ணாலேயே கெஞ்சினான்.

"அக்கா, வந்துடு இங்க."

"நான் என்னடா பண்ணினேன்?"

அப்போதுதான் சின்னவள் உள்ளே வந்தாள். வந்தவள் பெரியவளைப் பார்த்துச் சின்னதாகத் தலையாட்டிவிட்டு, போன வாரம் சொல்லி வைத்திருந்தபடி வாடிக்கையாளரைப் போல நடு மேஜையில் போய் உட்கார்ந்தாள். அது நிர்வாகி அம்மாவுக்கு அடுத்த மேஜை. முதுகு சாயவில்லை. செருப்பு காலிலேயே இருந்தது. பெரியவள் அதைத்தான் முதலில் கவனித்தாள்.

பையைத் திறந்த சின்னவளை நிர்வாகி அம்மா திரும்பிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "அட, நீங்களா!" என்று உதடு அசைவது கவுண்டரிலிருந்தே தெரிந்தது. சின்னவளும் சிரித்தாள். இருவரும் தலையைச் சாய்த்துக்கொண்டு மெல்லப் பேச ஆரம்பித்தார்கள். என்ன பேசுகிறார்கள் என்று ஓர் எழுத்துகூடக் காதில் விழவில்லை. சின்னவள் கையை நீட்டி மேஜைக்கு அடியில் எதையோ காட்டினாள், ஜன்னலைக் காட்டினாள், பின்னறைக் கதவைக் காட்டினாள். அந்தம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

இரண்டு பேரும் அந்தப் பச்சைக் கதவுக் கடையில் பழகியவர்கள்! காலையில் அந்த மூலையில் கண்ட நிம்மதியும், இப்போது பார்க்கும் சிரிப்பும் சேர்ந்து பெரியவளின் தலைக்கு ஏறின. தன்னிடம் என்றைக்காவது இப்படித் தலையைச் சாய்த்துப் பேசியிருக்கிறாளா இவள்? கடையைப் பற்றிக் குறை சொல்லி, அங்கேயே போங்கள் என்று அனுப்பி வைக்கிறாளோ?

"அக்கா, எங்க போறே? அக்கா!"

தம்பி பிடிப்பதற்குள் போய்விட்டாள். மேஜைமேல் ஒரு கப்பைத் தொப்பென்று வைத்தாள்.

"என்ன, பக்கத்துத் தெருவுல இன்னைக்கு இடம் கிடைக்கலையா?"

நிர்வாகி அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்களுக்கு இவங்களைத் தெரியுமா?"

"தெரியுமாவா? என் தம்பி பொண்டாட்டிங்க!" என்றாள் பெரியவள். அஸ்திரம் கையை விட்டுப் போய்விட்டது.

கூடத்தில் தட்டச்சுச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. நிர்வாகி அம்மா லேப்டாப்பை மெதுவாக மூடினார்.

"நேத்து அங்க இவங்க பக்கத்து மேஜையிலதான் நான் உட்கார்ந்திருந்தேன். இப்பவும் இவங்ககிட்ட கேட்டேன், ரெண்டு இடத்துல எது நல்லதுன்னு. இதுதான்னு சொன்னாங்க. அங்க பாதி மேஜைக்குத்தான் பிளக் இருக்கு, இங்க எல்லாத்துக்கும் இருக்கு, அரைக்கிற சத்தம் வெளியில வராது, நெட் நின்னதே கிடையாதுன்னு. யாரோ என்னை மாதிரி வேலை பார்க்கிறவங்க சொல்றாங்கன்னு நானும் முடிவே பண்ணிட்டேன்." அவர் நிறுத்தி, சின்னவளைப் பார்த்தார். "வீட்டு ஆள்னு நீங்க சொல்லலியே?"

சின்னவள் தலை குனிந்தாள்.

பெரியவளுக்கு அப்போதுதான் புரிந்தது. கடைக்காகப் பேசிக்கொண்டிருந்தவளை, பேசி முடிக்கும் நேரத்தில் போய்க் காட்டிக் கொடுத்துவிட்டாள். அதுவும் யாரிடம்?

"அப்ப ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க" என்றார் நிர்வாகி அம்மா. "சொந்தக் கடை, எல்லா வசதியும் இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. பின்னே ஏன் காசு கொடுத்து அங்க போய் உட்கார்றீங்க?"

சின்னவள் அந்தம்மாவைப் பார்த்துப் பேசவில்லை, பெரியவளைப் பார்த்தே பேசினாள்.

"அண்ணி, ஒரு நாள் நான் இங்க உட்கார்ந்து ஒரு டாக்டர் பேசினதை அடிச்சுட்டு இருந்தேன். நீங்க வந்து தோளைத் தொட்டு, இன்னொரு கப் வேணுமான்னு கேட்டீங்க. வேண்டாம்னு சொல்லிட்டுத் திரும்பினேன். ஒரு வரி விட்டுப்போச்சு. மருந்து அளவு சொல்ற வரி. ஆஸ்பத்திரியிலயே கண்டுபிடிச்சுட்டாங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா இன்னொரு தடவை இப்படி ஆனா வேலை இல்லைன்னு எனக்கு எச்சரிக்கை வந்துடுச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படி அண்ணி சொல்றது? நீங்க பாசமாத்தான் கேக்கறீங்க. ஆனா இங்க உட்கார்ந்தா உங்க கண்ணு கப்புக்குள்ளயே இருக்கு. காலியாயிடுச்சா, இன்னும் இருக்கான்னு. இன்னும் கொஞ்சம் மிச்சம் வெச்சுக்கலாம், வந்துடப் போறாங்கன்னு என் பாதி மனசு அதுலயே இருக்கும். எனக்கு மட்டும் இல்ல..."

"உண்மைதாம்மா." பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. ஃபிளாஸ்க்காரர்! "கோவிச்சுக்காதீங்க. நான் எதுக்கு ஃபிளாஸ்க் வெச்சுக்கிறேன்னு நினைக்கிறீங்க? மூடி போட்டிருந்தா உள்ள எவ்வளவு இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல?"

"வீட்டுலேர்ந்து காபி கொண்டு வர்றவர் பேசறார் பாரு!"

"வீட்டுலேர்ந்தா? தினமும் உங்க தம்பிகிட்டதாம்மா காசு கொடுத்து ஊத்திக்கிறேன். பின்பக்கமா."

யாரோ களுக்கென்று சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள். சுருட்டை முடிப் பெண் திரையைவிட்டுத் தலையை எடுக்கவே இல்லை.

நிர்வாகி அம்மா போனை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நான் வெளியில போய் ஒரு போன் பேசிட்டு வர்றேன்."

* * *

மூவரும் கவுண்டருக்குப் பின்னால் வந்து நின்றார்கள். இடம் குறுகல், ஒருவர்மேல் ஒருவர் இடிக்காமல் நிற்க முடியாது. பெரியவள் தம்பியின் முகத்தையே பார்த்தாள். அவனுக்கு அதிர்ச்சியாக இருக்கும், அவன் மனைவியைக் கேள்வி கேட்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியுமாடா, இவ அங்க போறது?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்தே."

அதுதான் அவளுக்கு வலித்தது. மற்றதெல்லாம் ஒன்றுமில்லை. இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு விஷயத்தைத் தன்னிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறார்கள். பல் விழுந்ததைக்கூட முதலில் தன்னிடம் ஓடி வந்து காட்டியவன்!

"சொன்னா நீ பின்னறைக்குள்ள போய் மெஷினைப் போட்டுக்குவே. அதான் சொல்லல."

"அது உனக்கெப்படித் தெரியும்?"

"கேக்காத ஆர்டருக்கு யாருக்கா கொட்டை அரைப்பாங்க?"

தம்பி குரலைத் தாழ்த்தினான்.

"எனக்கு மட்டும் சந்தோஷமாவா இருந்துச்சு? தினமும் வீட்டுக்கு வந்ததும் இவகிட்ட கேப்பேன், அங்க காபி எப்படி இருந்துச்சுன்னு."

"என்ன சொன்னா?"

"நல்லா இருந்துச்சுன்னு சொன்னா."

"நல்லாத்தானே இருந்துச்சு, பொய்யா சொல்ல முடியும்?" என்றாள் சின்னவள்.

ஒரு விநாடி அக்காவும் தம்பியும் ஒரே மாதிரி முகத்தைச் சுளித்தார்கள். சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்திலேயே கண் கலங்கியது.

"பாருங்க, இதான். ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி, ஒரே கோபம். நான் நடுவுல யாரோ மாதிரி. அவர் காலையில போடற முதல் கப்பு எப்பவும் உங்களுக்குத்தான் அண்ணி. கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து எனக்கும் அதைப் பார்த்தா எரியும். நான் சொன்னேனா?"

பெரியவள் அவளைப் புதிதாகப் பார்ப்பதைப் போலப் பார்த்தாள். பொறாமைப்பட உரிமை தனக்கு மட்டும்தான் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள் போலும். ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் கதவு திறந்தது.

நிர்வாகி அம்மா கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றார். பையைத் தோளில் மாட்டியிருந்தார். முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எங்க முதலாளிகிட்ட பேசிட்டேன். சுத்தி வளைக்காம சொல்லிடறேன். இடம் பிடிச்சிருக்கு. பன்னிரண்டு பேரையும் இங்கேயே அனுப்பறோம். மாசத்துக்கு ஒரே கட்டணம், காபி எத்தனை குடிச்சாலும் குடிக்காட்டியும் அதுதான்."

தம்பி கவுண்டரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"ஆனா ஒரு நிபந்தனை." நிர்வாகி அம்மா சின்னவளைக் காட்டினார். "இடத்தோட நல்லது கெட்டது, உட்கார்ந்து வேலை பார்க்கிறவங்க கஷ்டம், ரெண்டும் இவங்களுக்குத் தெரியுது. எங்க ஆளுங்க இருக்கிற நேரத்துல கூடத்தைப் பார்த்துக்கிறது இவங்களா இருக்கணும். நீங்க வேண்டாம்."

பெரியவள் முந்திக்கொண்டாள். "நான் கூடத்துக்கே வர மாட்டேன். கவுண்டர்லயே இருந்துக்கறேன். போதுமா?"

"கவுண்டர்லேர்ந்தும் கப்பு தெரியுமே" என்றார் அந்தம்மா. குரலில் கிண்டல் இல்லை, அதனால்தான் இன்னும் சுட்டது. "நீங்க கெட்டவங்கன்னு நான் சொல்லல. எங்க வீட்டுக்கு யாராவது வந்தா நானும் உங்களை மாதிரிதான் விசாரிப்பேன். ஆனா எங்க ஆளுங்க வேலைக்கு வர்றாங்க, விருந்துக்கு வரல. நாளைக் காலையில பதில் சொல்லுங்க. இல்லேன்னா பக்கத்துத் தெருவுக்குச் சொல்லிடறேன்."

கதவு சாத்திக்கொண்டது. கூடத்தில் எல்லோரும் மும்முரமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். அத்தனை பேர் காதும் கவுண்டர் பக்கம்தான் இருந்தது.

"நான் எப்படி..." என்று ஆரம்பித்தாள் சின்னவள். "எனக்கு என் வேலை இருக்கு அண்ணி. ரெண்டையும் எப்படிப் பார்ப்பேன்?"

அது எதுவும் பெரியவள் காதில் ஏறவில்லை. கடை பிழைக்க வழி வந்துவிட்டது. அந்த வழியில் தனக்கு மட்டும் இடமில்லை. வேலையை விட்டுவிட்டு, சேமித்ததையெல்லாம் கொட்டி, இந்தக் கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்ததிலிருந்து கூடவே நின்றவள் அவள். இனி அவளை அவள் கடைக்குள்ளேயே ஒளித்து வைப்பார்களாம். அவள் நின்ற இடத்தில் இவள் நிற்பாளாம். ஆனாலும் ஒருவன் இருக்கிறானே, அவன் சொல்வான், "அக்கா இல்லாம இந்தக் கடையே வேண்டாம்"னு ஒரு வார்த்தை சொல்வான். அந்த ஒரு வார்த்தை போதும், அதைக் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் தானே விட்டுக்கொடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தாள்.

"நீ சொல்லுடா" என்றாள். "என்ன பண்ணலாம்?"

தம்பி கையைத் துணியில் துடைத்தான். அக்காவைப் பார்த்தான். பிறகு அவன் பார்வை அவளைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் நின்றவளிடம் போயிற்று.

"நீ என்ன சொல்றே?" என்று மனைவியைக் கேட்டான்.

பெரியவள் திரும்பவில்லை. திரும்பினால் சின்னவளின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். பன்னிரண்டு மேஜையும் அந்தப் பச்சைக் கதவுக்கே போய்த் தொலையட்டும் என்று அந்த ஒரு கணம் அவள் மனசார ஆசைப்பட்டாள். அவள் முதுகுக்குப் பின்னால், சின்னவள் பதில் சொல்ல வாயெடுத்தாள்.